புது கார்டு வாங்கலாமா, மாமா?

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் புதுப்பானையும் கரும்பும் வாங்கிக்கொண்டு அப்படியே பண்டமாரானில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அக்காள் மகன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். இருபது வயதுப் பையன் மாமன் கையைப் பிடித்தால் அதில் பாதி பாசம், பாதி காரியம்.

"மாமா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. கிராஃபிக் கார்டு மாத்தணும்."

பதில் சமையலறையிலிருந்து வந்தது. "தம்பி, அவன் பேச்சை நம்பாதே. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியாம். விளையாடுறதுக்கு!"

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் கடைக்காரன் இல்லை. கணினியைப் பிரித்துப் போட்டுப் பிரித்துப் போட்டே கற்றுக்கொண்டவன். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் மட்டும் எழும் கேள்வி இல்லை. பிள்ளைகள் உள்ள பல வீடுகளில், குறிப்பாக நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இணைய வகுப்புக்கென்று கணினி வாங்கிய வீடுகளில், இப்போது ஐந்தாறு ஆண்டு கழித்து இதே சண்டைதான் நடக்கிறது. ஆகவே அன்று மதியம் அந்த அறையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கணினித் திரையில் தெரியும் படத்தைக் கணக்குப் போட்டு வரைவதுதான் கிராஃபிக் கார்டின் வேலை. விளையாட்டில் ஒரு நொடிக்கு 60 படம், 100 படம் என்று அது வரைந்து தள்ள வேண்டும். வரைய முடியாமல் திணறினால் படம் வெட்டி வெட்டி ஓடும். பையன்கள் 'லேக் அடிக்குது' என்று கத்துவதற்கு இது ஒரு காரணம். ஒரு காரணம்தான், எல்லாக் காரணமும் இல்லை. வீட்டு வைஃபை சுணங்கினாலும் இதே கத்தல்தான்.

பையனின் கணினி 2020இல் வாங்கியது. ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. இந்தக் கார்டு 2019 அக்டோபரில் வந்தது. அன்றைக்கு நல்ல சரக்கு. கன்டேனர் லாரி ஓட்டும் அத்தான் இரண்டு மாத ஓவர்டைம் காசைப் போட்டு வாங்கிக் கொடுத்தது. அதை அக்காள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

அவன் மனத்தில் இருந்தது ஆர்டிஎக்ஸ் 5060. சென்ற ஆண்டு மே மாதம் என்விடியா வெளியிட்ட 8 ஜிபி கார்டு. "மாமா, வெயிட் பண்ணா விலை ஏறிடும். எல்லாரும் சொல்றாங்க" என்றான். கையில் 1,300 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. வாரக் கடைசியில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிச் சேர்த்தது. ஆனால் அதைத் தொடுவதாக இல்லை. இணையக் கடையில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று 12 மாதத் தவணை இருக்கிறதாம். இதை மெல்லிய குரலில், சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

விலை ஏறும் என்ற பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. சாதாரணமாகக் கணினிச் சாமான் விஷயத்தில் பொறுத்தவர் பூமி ஆள்வார். ஆறு மாதம் பொறுத்தால் நூறு, இருநூறு குறையும். இந்த முறை அப்படி இல்லை. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழும்பும் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. மிச்சம்தான் நமக்கு. சென்ற ஆண்டுக் கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் குரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்று வந்ததையே நிறுத்தப்போவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. கிராஃபிக் கார்டிலும் மெமரி சிப்புதான் இருக்கிறது. ஆகவே பையனின் பயம் வெறும் பயம் இல்லை. ஆனால் விலை ஏறும் என்பதற்காக நமக்குத் தேவையில்லாததை வாங்கினால், ஏறுவதற்கு முந்தின விலையில் வாங்கிய தேவையில்லாத சாமான் ஒன்று வீட்டில் இருக்கும். அவ்வளவுதான்.

"சரி, கார்டுதான் குற்றவாளின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பழசுதானே மாமா."

நானும்தான் பழசு.

கணினியைத் திறந்து பார்ப்பதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். தரையில், சாமி மேடைக்குப் பக்கத்தில். காலையும் மாலையும் அக்காள் சாம்பிராணி போடுகிறார். ஊதுபத்திச் சாம்பலும் விபூதித் தூளும் ஆறு ஆண்டாக அந்தப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. பக்கத் தகட்டைக் கழற்றினேன். கார்டின் விசிறியில் கம்பளி நெய்தது போல் ஒரு படலம். நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். வெளியூர்க்காரர் எழுதும் குறிப்புகளில் நாய் முடி, பூனை முடி என்று இருக்கும்; சாம்பிராணியை யாரும் எழுதுவதில்லை.

வீட்டு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தூசு தட்டினோம். மென்மையான தூரிகையும் காற்று ஊதும் டின்னும் போதும். விசிறியை ஊதும்போது அது கன்னாபின்னாவென்று சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதற்கு முன் விளையாடும்போது 86 பாகை காட்டிய கார்டு, பிறகு 75இல் நின்றது. சூடு அதிகமானால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைந்த வேகத்தைப் பார்த்துத்தான் பலர் 'கார்டு செத்துப்போச்சு' என்று முடிவு கட்டுகிறார்கள்.

பெட்டியை மறுபடி தரையில் வைக்கவிடவில்லை. ஒரு சின்ன மேசை மேல் ஏற்றினேன். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரத்தில் எத்தனை வீட்டுக் கணினிகள் சேற்றில் கிடந்தன என்பதை நேரில் பார்த்தவன் நான். கிள்ளானில் தரையில் கணினி வைப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

அடுத்தது சோதனை. வாசகர்கள் யாரும் இதைச் செய்யலாம், காசு ஒன்றும் ஆகாது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்ற வரியைப் பாருங்கள். பையன் வழக்கமாக விளையாடும் விளையாட்டை ஓடவிட்டு, படங்களின் எண்ணிக்கைக்கு விளையாட்டின் அமைப்பில் வரம்பு ஏதும் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் கவனியுங்கள். ஜிபியு 95, 99 விழுக்காடு என்று நின்றால் கார்டு முழு மூச்சில் உழைக்கிறது, அதுதான் வரம்பு. 50, 60இல் நின்றால் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. வேறு ஏதோ ஒன்று அதற்கு வேலை கொடுக்க முடியாமல் திணறுகிறது. பிராசஸர் வரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆறு கோர் உள்ள பிராசஸரில் ஒரு கோர் மட்டும் முட்டிக்கொண்டு நின்றாலும் மொத்தக் கணக்கில் 40 விழுக்காடு என்றுதான் காட்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. விளையாட்டின் படத் தெளிவை வேண்டுமென்றே ஒரு படி குறையுங்கள். வேகம் கூடினால் கார்டு மேல் குற்றம். கூடவே இல்லையென்றால் புது கார்டு வாங்கியும் கூடாது.

முதலில் வாலரன்ட் ஓடவிட்டோம். அவன் நாள்தோறும் நண்பர்களோடு ஆடுவது அதுதான். ஜிபியு 55 விழுக்காட்டைத் தாண்டவில்லை. தெளிவைக் குறைத்தோம். வேகம் அசையவில்லை. பையன் முகம் கொஞ்சம் மாறியது.

"இந்த விளையாட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி போட்டா ஒன்னும் நடக்காது தம்பி."

"அப்ப வுகோங் பாருங்க மாமா" என்று பிளாக் மித் வுகோங்கைத் திறந்தான். 2024 ஆகஸ்டில் வந்த சீன விளையாட்டு, கனமானது. அங்கே ஜிபியு 99. கார்டின் 6 ஜிபி மெமரி நிரம்பி வழிந்தது. படம் ஓடுவதும் சட்டென்று அரை நொடி உறைவதுமாக இருந்தது. இங்கே பையன் சொன்னது சரி. ஆனால் அந்த உறைவுக்குக் கார்டு மட்டும் காரணமில்லை. அந்த விளையாட்டு குறைந்தபட்சம் 16 ஜிபி ரேம் கேட்கிறது. இவனிடம் இருப்பது 8. போதாததற்கு அதுவும் ஒரே குச்சி. ரேம் இரண்டு குச்சியாக இருந்தால் பிராசஸருக்கு இரண்டு பாதையில் தகவல் போகும். ஒரே குச்சி என்றால் ஒற்றைப் பாதை. இரண்டு வழிச் சாலை கட்டிவிட்டு ஒரு பக்கத்தை மூடிவைத்த மாதிரி.

ரேம் குச்சி ஒன்று வாங்கலாம் என்று விலை பார்த்தால் எனக்கே திக்கென்றது. நான் முன்பு கொடுத்ததற்கு இரண்டு மடங்குக்கும் மேல். அப்போதுதான் என் வீட்டு மைலோ டின் ஞாபகம் வந்தது.

அந்த டின்னுக்கு ஒரு கதை உண்டு. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி எத்தீரியம் என்ற மின்நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அதைத் 'தோண்டுவதற்கு' உலகெங்கும் லட்சக்கணக்கான கிராஃபிக் கார்டுகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரே நாளில் அந்தத் தொழில் நின்றது. கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வெள்ளமாக வந்தன. மலிவாகக் கிடைக்கிறதே என்று நானும் ஒன்று வாங்கினேன், இணையத்தில் ஒருவரிடம். 'வீட்டில் லேசாகப் பயன்படுத்தியது' என்றார். பெட்ரோல் நிலையத்தில் நின்று பணத்தைக் கொடுத்து வாங்கிவந்தேன், ஓட்டிப் பார்க்கவில்லை. மூன்றே மாதம். திரையில் கலர் கலராகப் புள்ளி வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை. அவர் தொலைபேசியும் அப்படித்தான். அந்தக் கணினியைக் கழற்றிப் போட்டபோது மிஞ்சிய திருகுகளும், வயர்களும், 8 ஜிபி ரேம் குச்சி ஒன்றும் அந்த டின்னில் இருந்தன.

போய் எடுத்துவந்து செருகினோம். வேறு வேறு வேகத்துக் குச்சிகளைச் சேர்த்தால் மெதுவான குச்சியின் வேகத்தில் இரண்டும் ஓடும், பரவாயில்லை. வாலரன்ட் கண்ணுக்குத் தெரியும்படி சீரானது. வுகோங்கில் அந்த உறைதல் போய்விட்டது. ஆனால் நொடிக்கு 40 படத்துக்கு மேல் வரவில்லை. எஃப்எஸ்ஆர் என்று ஒரு வசதி இருக்கிறது. படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும். ஏஎம்டி நிறுவனம் கொடுத்தது என்றாலும் பழைய என்விடியா கார்டுகளிலும் வேலை செய்யும். அதைப் போட்டதும் 50ஐத் தாண்டியது. அவன் திரையே நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும் வகை. அதற்கு மேல் கார்டு எத்தனை வரைந்தாலும் அந்தத் திரையில் முழுப் பலன் தெரியாது. பல பிள்ளைகள் இதை யோசிப்பதே இல்லை. பழைய 60 ஹெர்ட்ஸ் திரையை வைத்துக்கொண்டு கார்டுக்குப் பணம் கொட்டுகிறார்கள்.

அக்காள் தோசைத் தட்டோடு வந்தார். "சரியாயிடுச்சா? அப்ப வாங்க வேணாம்தானே?"

இத்தோடு முடிந்திருந்தால் இந்த வாரப் பத்தியும் இங்கேயே முடிந்திருக்கும். பையன் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு கோப்பைத் திறந்தான். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருள். திரையில் ஒரு கோயில் கோபுரம், வாழைமரம் கட்டிய வாசல், குத்துவிளக்கு. கேமரா மெல்ல உள்ளே போகிறது, மணமக்கள் பெயர் பொன் எழுத்தில் விரிகிறது. கல்யாண மின் அழைப்பிதழ். வாட்ஸ்அப்பில் அனுப்பும் 30 நொடிப் படம். நண்பனின் அக்காளுக்குச் செய்து கொடுத்தானாம். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு 150 வெள்ளி.

"இதை ஏன்டா அம்மாகிட்ட சொல்லலை?"

"சொன்னா படிப்பைப் பாருன்னு திட்டுவாங்க மாமா."

அக்காள் தட்டை வைத்துவிட்டு அந்தப் படத்தை இரண்டு முறை ஓடவிடச் சொன்னார். ஒன்றும் பேசவில்லை.

இப்போது கணக்கே வேறு. அந்த 30 நொடிப் படத்தை முழுத் தெளிவில் வடித்தெடுக்க அவன் கணினி இரவு முழுக்க ஓடுகிறது. கோபுரத்தில் பொம்மைகளைக் கொஞ்சம் கூட்டினால் மெமரி போதவில்லை என்று நின்றுவிடுகிறது. அவனுடைய 1660 சூப்பரில் ஒளிக்கதிரைக் கணக்கிடும் தனிப் பகுதி இல்லை. ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் உண்டு. பிளெண்டர் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும். விளையாட்டிலும் அந்தப் பகுதி இனி தவிர்க்க முடியாததாகி வருகிறது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், சென்ற ஆண்டு மே மாதம் வந்த டூம் டார்க் ஏஜசும் அது இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. அவனுடையதற்கும் மூத்த ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு விளையாட்டு டிரைவர் புதுப்பிப்பை என்விடியா கடந்த அக்டோபரில் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். 1660க்கு இன்னும் அந்த முறை வரவில்லை.

ஆகவே கார்டு மாற்றுவது நியாயம்தான். ஆனால் அவன் கேட்ட கார்டு இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். ஆர்டிஎக்ஸ் 5060இல் இருப்பது 8 ஜிபி மெமரி. இவனுக்கு 6 ஜிபியே நிரம்பி வழிகிறது. ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து இரண்டு ஜிபி கூட்டிக்கொள்வதில் என்ன லாபம்? வேகம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் கோபுரத்துக்கு இன்னும் நான்கு பொம்மை சேர்த்ததும் அதே சுவரில் போய் முட்டும். இன்னொன்று, அந்தக் கார்டு மதர்போர்டோடு பேசுவதற்கு எட்டுப் பாதைதான் வைத்திருக்கிறது. புது மதர்போர்டில் ஒவ்வொரு பாதையும் அகலம், குறை தெரியாது. இவனுடைய பி450 போன்ற பழைய, மூன்றாம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்டில் பாதை குறுகல். கார்டின் மெமரி நிரம்பி, ரேமில் கடன் வாங்கும் நேரத்தில் அந்தக் குறுகல் சுள்ளென்று தெரியும். கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். விளம்பரத்தில் காட்டும் மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேகம் என்பது பெரும்பாலும் இரண்டு படத்துக்கு நடுவே கார்டே கற்பனையாகப் படம் செருகுவதால் வருவது. பார்க்க வழவழவென்று இருக்கும். கை சொடுக்கியதற்கும் துப்பாக்கி சுடுவதற்கும் உள்ள தாமதம் குறையாது. பிளெண்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அவனுக்குப் பொருத்தமாக எனக்குப் பட்டது பழைய ஆர்டிஎக்ஸ் 3060, அதாவது 12 ஜிபி உள்ளது. 2021 பிப்ரவரியில் வந்தது. பதினாறு பாதை, இவன் பிராசஸருக்கும் சரியான ஜோடி. காசு இருந்தால் 5060 டிஐ, 16 ஜிபி. ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி 16 ஜிபி விளையாட்டுக்கு அதைவிடச் சிக்கனம், ஆனால் பிளெண்டர் வேலைக்கு என்விடியா கார்டுகளே கை கொடுக்கும் என்பது என் அனுபவம். விளையாட்டு மட்டும் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். 3060இல் 8 ஜிபி என்று இன்னொரு வகை பின்னால் வந்தது. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும்.

பழசு வாங்குவதென்றால் என் மைலோ டின் கதையை மறக்கக்கூடாது. 3060 வந்த புதிதில் மின்நாணயம் தோண்ட முடியாதபடி அதற்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். அடுத்த மாதமே அவர்களே வெளியிட்ட ஒரு சோதனை டிரைவர் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது! ஆகவே இந்தக் கார்டுகளும் தோண்டியவைதான். தோண்டிய கார்டு எல்லாமே கெட்டதென்றும் இல்லை. விசிறியும் வெப்பப் பசையும்தான் முதலில் தேயும். விற்பவர் வீட்டிலோ கடையிலோ, கணினியில் செருகி, கனமான விளையாட்டை இருபது நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளில் கார்டின் உண்மைப் பெயரும் மெமரி அளவும் தெரியும்; பழைய கார்டுக்குப் புதுப் பெயர் எழுதி விற்கும் வித்தை இன்னும் நடக்கிறது. உத்தரவாதம் மிச்சமிருக்கிறதா என்று வரிசை எண்ணை வைத்து உள்ளூர் விநியோகஸ்தரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கடையில் வாங்கிய சாமானில் தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், அதாவது திரிபுனல் துன்துத்தான் பெங்குனா, இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம்; மனு கொடுக்க 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அது வியாபாரிக்கு எதிராகத்தான். பெட்ரோல் நிலையத்தில் சந்தித்த தனி ஆளிடம் வாங்கியதற்கு அங்கே வழி கிடையாது. எனக்கே கிடைக்கவில்லை.

பிறகு பவர் சப்ளை. இவனுடையது பெயர் தெரியாத 450 வாட் பெட்டி. 1660 சூப்பர் 125 வாட் இழுக்கும். 3060 இழுப்பது 170. முழுக் கணினிக்கும் 550 வாட் வேண்டுமென்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஆறு ஆண்டு ஓடிய மலிவுப் பெட்டியில் புது சுமையை ஏற்றுவது, தேய்ந்த டயரில் கன்டேனர் ஏற்றுகிற மாதிரி. இதை அத்தானிடம் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது. அன்று மதியம் முழுக்க அவர் தலையசைத்த ஒரே விஷயம் இதுதான். மின்கட்டணத்தைப் பற்றி அக்காள் கேட்டார். கூடுதலாக 45 வாட், நாளுக்கு ஆறு மணி நேரம் என்றாலும் மாதத்துக்கு 8 யூனிட்தான், நான்கைந்து வெள்ளி. அறையில் குளிர்சாதனம் ஓடுவதுதான் பெரிய செலவு, கார்டு இல்லை.

தவணை விஷயத்தைப் பையனை வைத்துக்கொண்டே தாளில் எழுதிக் காட்டினேன். 1,500 வெள்ளி, மாதம் ஒன்றரை விழுக்காடு, 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 270. மாதம் 147 வெள்ளி 50 காசு. ஒன்றரை என்றால் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் ஆறு மாதத்தில் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 1,500க்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. வங்கிக் கடன் மாதிரி கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கும் மேல் வரும். ஒவ்வொரு மாதமும் ஒரு கல்யாண அழைப்பிதழ் தவணைக்கே போய்விடும்.

"ஒரு மாசம் ஆர்டர் வரலைன்னா?" என்று அக்காள் கேட்டார். அப்போதுதான் அவருக்குத் தவணைத் திட்டமே தெரியவந்தது என்பதை நான் தாமதமாக உணர்ந்தேன். மருமகன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அடுத்த சனிக்கிழமை இருவரும் கம்போங் ராஜா ஊடாவில் கேடிஎம் ஏறி கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து மோனோ ரயிலில் இம்பி. லோயாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினோம். 5060 பெட்டிகள் கண்ணாடிக்குள் பளபளத்தன. ஒரு கடைத் தம்பி, "அண்ணே, அடுத்த வாரம் விலை ஏறுது லா, இன்னைக்கே எடுத்துக்குங்க" என்றார். பையன் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எட்டு ஜிபி என்று எழுதியிருந்த இடத்தில் கட்டைவிரல் நின்றது. திருப்பிக் கொடுத்துவிட்டான். நல்ல பெயருள்ள 650 வாட் பவர் சப்ளை ஒன்று மட்டும் சேமிப்புப் பணத்தில் வாங்கினோம். திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி வாழையிலைச் சாப்பாடு. அது என் செலவு.

தை பிறந்துவிட்டது, கல்யாண மாதம். மூன்று அழைப்பிதழையும் பழைய கார்டிலேயே முடித்துக் கொடுப்பதென்றும், வரும் 450 வெள்ளியைச் சேமிப்போடு சேர்த்து ரொக்கமாக 12 ஜிபி கார்டு பார்ப்பதென்றும் அவனே முடிவு செய்திருக்கிறான். இடையில் விலை ஏறினால் ஏறட்டும் என்கிறான். எனக்கு அதில் கொஞ்சம் கவலைதான். பழைய கார்டுகளின் விலையும் புதியவற்றைப் பார்த்து ஏறக்கூடியதுதான். மாதக் கடைசிக்குள் நல்ல கார்டு ஒன்று கண்ணில் பட்டால் பாக்கி நூறு, இருநூறை நான் கைமாற்றாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், வட்டியில்லாமல்.

நேற்று இரவு அக்காள் கூப்பிட்டார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கூட வேலை செய்பவரின் மகளுக்கு மாசியில் கல்யாணமாம். மகன் செய்த படத்தைத் தன் கைப்பேசியில் காட்டியிருக்கிறார். "அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருச்சு தம்பி. கோபுரம் மட்டும் இன்னும் பெருசா வேணுமாம். அதுக்கு எத்தனை ஜிபின்னு சொன்னே, பன்னெண்டா, பதினாறா?"